கழுகுக்கு வீசிய தெம்பே

மலேசியாவின் மெர்சிங்கிலிருந்து தீவுகளுக்குக் காட்டுயிர்களைக் காணச் சென்ற பால், முட்டைகூடத் தொடாத எங்கள் நனிசைவக் குழுவின் படகோட்டி, யாரிடம் பேசினாலும் தொப்பியைக் கழற்றிவிடும் தமிழர். கடற்கழுகுகளை வரவழைக்க அவர் கோழித்தோல் வாளியைத் திறந்ததும் பதறித் தடுத்தோம். உடனே மூடிவிட்டு, எங்கள் உணவிலிருந்து பொரித்த சோயாத் தெம்பேயை எடுத்து வீசினார். குழு கைதட்டியது.

"அண்ணே, எதையுமே போடாதீங்க. தீனிக்குப் பழகினா வேட்டையாடுறதையே விட்டுடும்," என்றேன்.

தொப்பியைக் கழற்றினார். "அலமாக், ஐயோ தங்கச்சி! கழுகைப் பாக்காம போனா அடுத்த தடவை என் போட்ல ஏறுவீங்களா?"

ஏறுவோம் என்றேன். மற்றவர்கள் கைப்பேசிகளை வானத்தை நோக்கி உயர்த்தினர்.

தாழ்ந்து வந்த ஒரு கழுகு, தெம்பேயைக் கால்களால் பற்றி, உடனே நழுவவிட்டுப் பறந்தது.

"கவலப்படாதீங்க, அடுத்த தடவைக்குள்ள பழக்கிடுறேன் லா," என்றார் அவர். மீண்டும் கைதட்டல்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவராகவே அவர் தெரிந்தார். அதுதான் என் கவலை.