ஷெரீப்புக்கு ஒரு பிராது

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்க்கும் ராஜமாணிக்கத்துக்கு ஒரே ஒரு பைத்தியம்தான்; ஆனால் முழுப் பைத்தியம். தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் ஆள் வரும் வெள்ளைக்காரப் படம் எந்தக் கொட்டகையில் ஓடினாலும் அன்றைக்குப் பட்டறைக்கு மட்டம். பிள்ளையார் வார்க்கும்போதுகூட, அவருக்கு ஒரு தொப்பி வைத்தால் என்ன என்று கை பரபரக்கும்.

இரண்டாயிரத்து ஒன்றில் அந்தப் பைத்தியம் வேப்பூரில் வந்து இறங்கியது. சென்னை–திருச்சி சாலையோரம் மனைவி அம்புஜவல்லிக்கு அவள் அப்பா கொடுத்த மானாவாரி நிலம் கிடந்தது. அதில் பலகையால் ஒரு பேங்கு, ஒரு ஜெயில், பன்னீர் சோடா மட்டுமே விற்கும் ஒரு சாராயக்கடை எல்லாம் எழுப்பி, 'கௌபாய்பேட்டை' என்று போர்டு மாட்டினான். வாசலில் குதிரைமேல் ஷெரீப். பன்னிரண்டு அடி சிமெண்டு உடம்பில் பீங்கான் சில்லுகள் பதித்து, மார்பில் நட்சத்திரம் குத்தி, தூக்கிய கையில் துப்பாக்கி கொடுத்திருந்தான். மீசையை மட்டும் நம்மூர் கணக்கில் பெரிதாக வைத்துவிட்டான். பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அந்த மீசைதான் காரணம்.

"இன்னாங்க இது, எள்ளு வெதைக்கிற எடத்துல?" என்றாள் அம்புஜவல்லி.

"ஷெரீப்புடி. அவங்க ஊரு போலீசு."

"நம்மூரு போலீசு பத்தலியாக்கும்!"

சிரித்தாளே தவிர, சேலைமேல் தொப்பி போட்டுக்கொண்டு பஜ்ஜி சுட்டவளும் அவள்தான். பஸ்ஸெல்லாம் நின்றது. புது மாப்பிள்ளைகள் ஜெயிலுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாமியாரை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு பஸ் ஏறப் பார்த்த மருமகளும் உண்டு. ராஜமாணிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றமாட்டான்.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் ஷெரீப்புக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். குதிரை, மீசை, கையில் ஆயுதம்; காவல் தெய்வத்துக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த வாரம் எலுமிச்சம்பழம் வந்தது. அதற்கடுத்து வந்ததுதான் பெரிய கூத்து. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம்: குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டால் சாமி விசாரிப்பார், குறை தீர்ந்ததும் வழக்கை வாபஸ் வாங்கி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இவரோ நட்சத்திரம் குத்திய போலீஸ் சாமி, விசாரணை இன்னும் சுருக்காக முடியும் என்று ஜனங்கள் ஷெரீப்பின் துப்பாக்கியில் பிராது கட்டத் தொடங்கினார்கள். காணாமல் போன கோழி, வரப்பைத் தள்ளிப்போட்ட பங்காளி, வாய்க்கு ருசியாகச் சமைக்காத மருமகள் என்று வழக்குகள் குவிந்தன.

ராஜமாணிக்கத்துக்கு ஆத்திரமான ஆத்திரம். தன் ஷெரீப்பைப் பார்த்து ஜனங்கள் சிரிக்க வேண்டும், கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது! 'இது சாமி அல்ல, பொம்மை. கற்பூரம் ஏற்றாதீர்' என்று போர்டு எழுதி நட்டான். அந்தப் போர்டுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது. அளந்தவர்கள் எல்லைக்கல்லை ஷெரீப்பின் குதிரை வாலுக்குப் பின்னால் நட்டார்கள். ஷெரீப் ரோட்டுக்குள் மாட்டிக்கொண்டார்.

"கோயில்னா சொல்லுங்க, பூசை போட்டு கிரேன்ல பின்னால நவுத்தி வெச்சித் தரோம். பொம்மைன்னா நாளைக்கு ஜேசிபிதான்" என்ற அதிகாரி, பொட்டு வைத்த போர்டைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நீங்களே பொம்மைன்னுதான் எழுதியிருக்கீங்க?"

பொய் சொல்லி ஷெரீப்பைக் காப்பாற்றுவதா, அவன் பொம்மையாகவே கௌரவமாகச் சாகட்டும் என்று விடுவதா? ஒரு முடிவோடு ஏணியில் ஏறினான், சாமி கீமி ஒன்றுமில்லை என்று காட்டப் பிராதுகளை அவிழ்க்க. முதல் தாளிலேயே தெரிந்த கோணல் எழுத்து.

'குதிரைக்கார சாமிக்கு அம்புஜவல்லி எழுதும் பிராது. உன்னை ரோட்டுக்காரர்கள் இடிக்கப் போகிறார்களாம். உன்னை இடித்தால் என் வீட்டுக்காரர் உடைந்துபோவார். உன்னை நீயே காப்பாற்றிக்கொள்.'

கீழே அவள் எதுவும் தெரியாதவள்போல் பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தாளை மடித்து மறுபடியும் துப்பாக்கியில் கட்டினான்.

"சாமிதாங்க" என்றான். "ரொம்பத் துடியான சாமி."

மேளதாளத்தோடு, கிரேனில் ஊஞ்சலாடிக்கொண்டு, ஷெரீப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவர் தப்பித்தார், கௌபாய்பேட்டை தப்பிக்கவில்லை. புதுச் சாலையில் பஸ்கள் நிற்காமல் பறந்தன. பேங்கைக் கரையான் தின்றது. ஜெயிலில் அம்புஜவல்லி ஆடு கட்டினாள். ராஜமாணிக்கம் பழையபடி பிள்ளையார் வார்க்கப் போனான்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்புஜவல்லி அவனை ஷெரீப்பிடம் இழுத்துக்கொண்டு வந்தாள். "பிராது தீந்துபோச்சி. ராஜினாமா எழுதுங்க. பாக்கி வெக்கக் கூடாது."

'மேற்படி குதிரைக்காரர் நலமாக இருப்பதால் பிராதை வாபஸ் வாங்குகிறோம்' என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கட்டினார்கள். அண்ணாந்து பார்த்தான். வெயிலில் மீசை பளபளத்தது. தொப்பியைக் கழற்றி, படத்தில் பார்த்தபடியே நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"தொப்பியில்லீங்க, செருப்பு" என்றாள் அம்புஜவல்லி.

செருப்பையும் கழற்றினான்.