அம்மா படிக்காமல் விட்ட தொட்டில்

அந்தப் படத்தில் பேய் பாடும். அதுவும் தாளம் தப்பாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. செத்து முழுசாக மூன்று ரீல் ஆகவில்லை, அதற்குள் ஜரிகைப் புடவை எங்கிருந்து வந்தது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது. நாவலில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது.

நாவலை எங்களுக்குப் படித்துக் காட்டியவர் அம்மா. ஜாலான் புசார் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் அப்பாவும் சித்தப்பாவும் கூட்டுக் குடித்தனம் நடத்திய அறுபதுகளின் தொடக்கம் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சமையலறையில் அம்மா புத்தகத்தைப் பிரிப்பார். சித்திக்கு எழுத்து வாசனை கிடையாது. நெத்திலித் தலையைக் கிள்ளியபடி கேட்பார். நான்காம் வகுப்புக்காரியான நான், கிள்ளுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு கேட்பேன்.

முந்தின வருஷம் சித்திக்குப் பிறந்த ஆண் குழந்தை பதினெட்டாம் நாளே தவறிப்போனது. வீட்டில் அதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. தொட்டிலை அன்றைக்கே கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பேசாமல் இருந்தால் மறந்துவிடும் என்பது பெரியவர்களின் கணக்கு. சித்தியும் பேசவில்லை, அழவுமில்லை. தைரியசாலி என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அம்மா படித்த கதை இதுதான்: பாழடைந்த பங்களா, கிணறு, அதில் விழுந்து செத்த ஜமீன் மருமகள், நகைப்பெட்டியைத் தேடி அறை அறையாக அலையும் அவள் ஆவி. செத்த பிறகுமா நகை ஆசை என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் அம்மா குரலைத் தாழ்த்திப் படித்த நாட்களில் நான் குளியலறைக்குத் தனியாகப் போனதில்லை.

கதை படமாகி, கடல் தாண்டி இங்கே வந்தது. போகலாம் என்றதும் அம்மா தலைவலி என்றார். அப்புறம் படம் நன்றாயில்லையாம் என்றார். சித்தி விடவில்லை.

"எத்தனை நாளா கேட்ட கதை அக்கா. ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்துடலாம் லா."

மூவரும் மேட்னிக்குப் போனோம். படத்தில் நகைப்பெட்டியையே காணோம். பதிலுக்கு ஒரு தொட்டில், காலி அறையில் தானாக ஆடியது. பேய் தன் குழந்தையைத் தேடித்தான் அலைந்ததாம். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பாட்டில்லை, வாத்தியமில்லை. கயிறு விட்டத்தில் உரசும் சத்தம் மட்டுமே. கொட்டகையில் கச்சாங் பூத்தே கடலை கொறித்துக்கொண்டிருந்த வாய்கள்கூட நின்றுவிட்டன. படத்தின் நிறை என்று சொன்னால் அது ஒன்றுதான். சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பயந்துவிட்டார் என்று நினைத்து, "சும்மா படந்தான் சித்தி" என்று தைரியம் சொன்னேன். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை, சித்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல கதையைப் படக்காரன் கெடுத்துவிட்டானே என்று எனக்கு ஆத்திரம். நிரூபித்தே தீருவதென்று மறுநாள் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடக் கடவுளே! பக்கத்துக்குப் பக்கம் தொட்டில். நகைப்பெட்டி மருந்துக்குக்கூட இல்லை.

நேரே சமையலறைக்கு ஓடினேன். "படம் சரிதான்! அம்மாதான் தப்புத் தப்பா படிச்சிருக்காங்க!"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "போடி உள்ள, அதிகப்பிரசங்கி" என்று கையை ஓங்கினார். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காகத்தானக்கா மாத்திப் படிச்சீங்க? பரவால்ல. இப்ப அவ படிக்கட்டும்."

வெறும் தொட்டிலை ஆட்டியபடி அந்த மருமகள் பிள்ளையைக் கூப்பிடும் இடத்தைப் படித்தேன். சித்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு தடவை. நெத்திலி கிள்ளாமலே கிடந்தது.

"முப்பதாம் நாள் பேர் வைக்கலாம்னு இருந்தோம்க்கா" என்றார் சித்தி. "கூப்பிடறதுக்கு எனக்கு ஒரு பேருகூட இல்ல."

அம்மா சித்தியைக் கட்டிக்கொண்டார். இருவரும் வாய்விட்டு அழுதார்கள். அம்மாவையே அழவைக்கும் அளவுக்கு நான் படிக்கிறேனே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. யாரும் கேட்காமலே, பேய் பேசும் இடத்தில் குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டு, நான்காம் முறையும் படித்துக் காட்டினேன்.