கொடிக்காலுக்கு வராத நாட்கள்

வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் நுழைய மாட்டார்கள். வீட்டுக்குத் தூரமான பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டும் நுழைய மாட்டார்கள். நுழைந்தால் கொடி வாடிவிடுமாம். கைபேசியில் வெற்றிலை விலை பார்க்கிற இந்தக் காலத்திலும் பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் அந்த வழக்கம் அசையாமல் இருக்கிறது. வாடுமா வாடாதா என்று சோதித்துப் பார்க்க எந்தப் பெண்ணுக்கும் துணிச்சல் வந்ததில்லை. எங்கேயாவது நோய் விழுந்து கொடி காய்ந்தால் பழி யார் தலையில் விடியும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? மாதத்தில் மூன்று நாள் பேசாமல் வீட்டில் நின்றுவிடுவார்கள்.

இதனால் எவள் எப்போது நின்றாள் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். நின்றால்தான் தெரியும் என்றில்லை. ஒருத்தி நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலும் தெரியும். பிரவீனாவுக்கு வினை வந்தது அப்படித்தான்.

பிரவீனா சேந்தமங்கலத்துப் பெண். பிளஸ் டூ முடித்து ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளைத் தனபால் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்கு அழைத்து வந்தான். அவன் சந்தைக்கு வெற்றிலையும் வாழைத்தாரும் ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். அவன் அம்மா குப்பாயி, சென்னிமலை என்பவரின் கொடிக்காலில் வெகுகாலமாகக் கவுளி கட்டுகிறாள். நூறு வெற்றிலையை அடுக்கி வாழை நாரில் கட்டினால் ஒரு கவுளி. குப்பாயி எண்ணுவதே தெரியாது. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை நூறில் போய் நின்றுவிடும். வெற்றிலையோடு விட்டாளா? தோட்டத்துப் பெண்களின் நாட்களையும் அமாவாசையைப் பிடித்து எண்ணிவிடுவாள். மருமகளையும் அங்கேயே வெற்றிலை கிள்ளச் சேர்த்துவிட்ட பிறகு அவள் நாட்களை எண்ணாமல் இருப்பாளா?

கெட்டவள் என்று குப்பாயியைச் சொல்ல முடியாது. மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விசிறுவாள். பேரப்பிள்ளை ஆசை அவளை ஆட்டிவைத்தது, அவ்வளவுதான்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம். பிரவீனா இரண்டு அமாவாசை தாண்டியும் ஒரு நாள்கூட நிற்காமல் வேலைக்கு வந்தாள். கூட வேலை செய்யும் மஞ்சுளாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏம்புள்ள பிரவீனா, நீ நின்னே நாளாச்சே. முழுகாம இருக்கறயா?"

பிரவீனா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுக்கும் அந்த ஆசை உள்ளே இருந்தது. குப்பாயி ஏற்கெனவே எண்ணி வைத்துக்கொண்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள். மஞ்சுளா கேட்டதும் அவளால் அடக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே பேக்கரியில் லட்டு வாங்கிவந்து தோட்டம் முழுக்கக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பரிசோதனை அட்டையில் ஒரே ஒரு கோடுதான் வந்தது. அட்டை கெட்டுப்போனது என்று இன்னொன்று வாங்கினார்கள். அதிலும் ஒன்றுதான். நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, சினைப்பையில் நீர்க்கட்டி என்றார். முட்டை முழுதாக வளராமல் குட்டிக் குட்டியாக அப்படியே நின்றுவிடுகிறது, அதனால்தான் நாள் தவறுகிறது, இது இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று பொறுமையாகத்தான் சொன்னார். மாதவிலக்கு வருவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதுவும் வந்தது. லட்டுத் தின்றவர்கள் அத்தனை பேரும் பார்க்க, பிரவீனா மூன்று நாள் தோட்டத்துக்கு வராமல் நின்றாள். அந்த அவமானத்தை அவளால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த வேஷத்தைத் தொடங்கினாள். நாள் வந்தாலும் வராவிட்டாலும் மாதா மாதம் மூன்று நாள் நின்றுவிடுவது. "ஊட்டுக்குத் தூரமுங்கத்தை" என்று சொல்லிவிட்டு முன்னறையில் தனிப் பாய் போட்டுக்கொள்வாள். சமையலறைப் பக்கம் போக மாட்டாள். மருந்துக்கடையில் நாப்கின் வாங்கி, மாமியார் கண்ணில் படுகிறபடி பையை வைப்பாள். மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்வாள். பிரிக்காத பாக்கெட்டுகள் சேர்ந்துபோனதும் அம்மா வீட்டுக்குப் போகும்போது எடுத்துப்போய்த் தங்கைக்குக் கொடுத்துவிடுவாள். தங்கைக்கு அந்தச் செலவே இல்லாமல் போனது.

தனபாலுக்கு மட்டும் இது தெரியும்.

"எதுக்கு இந்தக் கூத்து?" என்று ஒருமுறை கேட்டான்.

"உங்கம்மாவ எண்ணாம இருக்கச் சொல்லுங்க. நானும் நிறுத்திக்கறேன்."

அவன் என்ன செய்வான், தலையைச் சொறிந்துகொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

ஆனால் அவன் நல்லவன். அவள் மோவாயில் முடி முளைப்பதைப் பார்த்து வேலைக்கார ஆண்கள் சிரித்தபோது அவர்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டுப் போனவன். பிரவீனா தினமும் விடிகாலையில் கண்ணாடி முன் நின்று சாமணத்தால் அந்த முடிகளைப் பிடுங்குவாள். கழுத்தில் கறுப்பு படர்ந்தது. எடை ஏறியது. "திங்கறது ஒடம்புல ஒட்டுது, வவுத்துல ஒட்ட மாட்டீங்குது" என்று கல்யாண வீட்டில் ஒரு கிழவி சொன்னாள். பந்தியில் பாதியில் எழுந்து வந்துவிட்டாள் பிரவீனா.

வைத்தியமும் சும்மா இல்லை. முட்டை வளர மாத்திரை, வளர்ந்ததா என்று பார்க்க ஸ்கேன், வெடிக்க ஊசி. மாதத்தில் இத்தனை தடவை நாமக்கல் பஸ் ஏறினால் தோட்டத்தில் கேட்க மாட்டார்களா? பல்வலி என்று சொன்னாள். பல் எத்தனை தடவை வலிக்கும்? ஒவ்வொரு சுற்றும் கடைசியில் ஒற்றைக் கோட்டில் வந்து முடிந்தது. கல்யாணமாகி எட்டாவது வருடம் அவளே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு விட்டுர்றனுங்க மேடம். முடியலீங்க."

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. சர்க்கரைக்குக் கொடுக்கிற மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார். நடக்கச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். எடை குறைந்தால் உடம்பு தானாகச் சரியாகவும் வாய்ப்புண்டு என்றார். பிரவீனா ராகிக் களிக்கு மாறினாள். தினமும் வாய்க்கால் கரையில் நடந்தாள். பரிசோதனை அட்டை வாங்குவதை அடியோடு நிறுத்தினாள். அந்த ஒற்றைக் கோட்டைப் பார்க்காமல் இருப்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. மூன்று நாள் வேஷத்தை மட்டும் நிறுத்தவில்லை.

வைகாசியில் அவளுக்குக் காலையில் குமட்டியது. அந்தச் சர்க்கரை மாத்திரை போட்டாலே முதலிலிருந்து அப்படித்தான் குமட்டும், அதனால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுப்பாக இருந்தது. வெயில் என்று நினைத்தாள். அந்த மாதமும் மூன்று நாள் நின்றாள், ஆனியிலும் நின்றாள். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தபோது குப்பாயி ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு மனதுக்குள் ஏதோ எண்ணினாள். முகம் சப்பென்று ஆகிவிட்டது. சீரகத்தை வறுத்துக் கஷாயம் வைத்து, "பித்தம் சாமி, குடி" என்று கொடுத்தாள்.

ஆனி கடைசியில் ஒரு நாள், கிள்ளிக்கொண்டிருந்தபோதே பிரவீனாவுக்கு உதிரம் பட்டது.

சட்டென்று அவளுக்கு வந்தது சந்தோஷம். நினைத்துப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது, ஆனால் சந்தோஷம்தான் வந்தது. வரவழைக்கிற மாத்திரை போடாமல், ஊசி போடாமல், தானாக வந்திருக்கிறது! உடம்பு சரியாகிவிட்டது! டாக்டரம்மா சொன்னது நடந்துவிட்டது! கூடையை வைத்துவிட்டு வரப்புக்கு ஓடினாள். "மஞ்சுளாக்கா, நான் தூரமாயிட்டனுங்க, ஊட்டுக்குப் போறேன்" என்று உரக்கச் சொன்னாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் உண்மையாகச் சொன்னாள். வழியில் தனபாலுக்குப் போன் செய்து சிரித்தாள்.

சாயங்காலம் வலி பிடித்தது. சாதாரண வலியில்லை. பாயில் சுருண்டு கிடந்தவளின் சேலையைப் பார்த்துக் குப்பாயி அலறினாள். தனபால் குட்டியானையிலேயே நாமக்கல்லுக்கு ஏற்றிப்போனான்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுப் பிரவீனா பக்கம் திரும்பினார்.

"கடைசியா எப்ப தலைக்கு ஊத்துன?"

பிரவீனா வாயைத் திறப்பதற்குள் குப்பாயி முந்திக்கொண்டாள். "போன அமாவாசைக்கு மறுநாளுங்க. எனக்கு நல்லாத் தெரியுமுங்க."

"அப்படி இருக்க முடியாதும்மா. கரு பத்து வாரம் வளர்ந்திருக்கு."

"கருவுங்களா?" என்றாள் குப்பாயி.

"கலைஞ்சிருச்சும்மா. மிச்சத்தைச் சுத்தம் பண்ணணும்."

குப்பாயி மருமகளைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். "அதெப்புடீங்க? இந்த மாசமும் நின்னா. போன மாசமும் நின்னா. நானு எண்ணிட்டுத்தானுங்க இருந்தேன்."

பிரவீனா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நெசமா வந்தது மாசியோட சரிங்கத்தை. மத்ததெல்லாம் பொய்யிங்க. நீங்க எண்ணுவீங்கன்னு நின்னனுங்க."

குப்பாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள்.

வேலை செய்ததால் கலையவில்லை, நடந்ததாலும் இல்லை, ஆரம்பத்தில் கலைகிற கரு பெரும்பாலும் தன் குறையாலேயே கலைகிறது, நீ செய்த எதுவும் காரணம் இல்லை என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருமுறை தங்கியது மறுமுறையும் தங்கலாம் என்றும் சொன்னார். பிரவீனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்குள் ஒரே ஒரு நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பத்து வாரம் ஒரு பிள்ளை வயிற்றில் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை அதனிடம் பேசியதில்லை. அது போகும்போது அவள் சிரித்திருக்கிறாள். அழ முயன்றாள், வரவில்லை.

வீட்டில் குப்பாயி ரசம் வைத்துக் கொடுத்தாள், வெந்நீர் போட்டாள், தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பேசவில்லை. கோபம் என்று பிரவீனா நினைத்தாள். இத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறோம், கோபம் வராதா என்று நினைத்தாள்.

உதிரம் நின்று, தலைக்கு ஊற்றி, ஆடி பிறந்த பிறகு அவள் வேலைக்குப் போனாள். கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கவுளி கட்டிக்கொண்டிருந்தார்கள். குப்பாயி மூலையில் இருந்தாள்.

"என்ன புள்ள, இந்தவாட்டி இத்தன நாளு நின்னுட்ட?" என்றாள் மஞ்சுளா.

பொய் சொல்லிச் சொல்லி பிரவீனா அலுத்துப்போயிருந்தாள். "கலைஞ்சிருச்சுங்கக்கா."

"என்ன கலைஞ்சுச்சு?"

"புள்ளைங்க. பத்து வாரமுங்க."

மஞ்சுளா கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள். அவள் குரலில் பரிகாசம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "போன மாசம் நீ மூணு நாளு நின்னியே சாமி. உன்ர பாத்தியையும் சேத்தி நாந்தான கிள்ளுனேன். நாளு தள்ளி வந்தா கட்டி கட்டியாத்தான் போவும். அதையே புள்ளைன்னு நெனச்சு மனசப் புண்ணாக்கிக்காத."

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய லட்டு இருந்தது. இவளுக்கு இதே வேலை, பாவம், ஆசை புத்தியைக் கெடுத்துவிட்டது என்று இருந்தது. நின்றதெல்லாம் நடிப்பு என்று சொன்னால், இதுவும் நடிப்பு என்பார்கள். சொல்லாவிட்டால் அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று ஆகிவிடும். பிரவீனா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நாந்தான் அவள நிக்கச் சொன்னேன்."

குப்பாயி தலையைத் தூக்காமல் பேசினாள். "மொதவாட்டி ஊரே கண்ணு வெச்சுச்சு. நாந்தான் லட்டக் குடுத்துக் கெடுத்தேன். இந்தவாட்டி ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தேன். நிக்காம வந்தா நீங்க மோந்துருவீங்கல்ல? அதான், மாசா மாசம் மூணு நாளு நின்னுரு சாமின்னு நாந்தான் சொன்னேன்."

"அப்ப உனக்குத் தெரியுமா?" என்றாள் மஞ்சுளா.

"தெரியாம? தங்குனன்னிக்கே தெரியும். பத்து வாரமும் எம்பேரன் கூடத்தான இருந்தேன். அவளுக்குக் குமட்டுனப்ப நாந்தான் நெஞ்சத் தடவிவுட்டேன். கூடையத் தூக்கவுடல. ராத்திரியில அவ தூங்குனதுக்கப்பறம் வவுத்துல கைய வெச்சுப் பாப்பேன்."

அவள் சொன்னதில் ஒன்றுகூட நடந்ததில்லை. குப்பாயியின் கை வெற்றிலையை அடுக்கிக்கொண்டே போனது. நூறு தாண்டி எங்கோ போய்விட்டது, அவள் நிறுத்தவில்லை. மஞ்சுளா எழுந்து வந்து பிரவீனாவின் தோளைப் பிடித்தாள். யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பிரவீனா மாமியாரின் மடியில் போய் விழுந்து, செத்துப்போன பிள்ளைக்கு அழுவது போல வாய்விட்டு அழுதாள். மற்ற பெண்களும் சுற்றி உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்காக அழுதார்கள்.