கருவேப்பிலைக்குக் காசு கொடுத்தவன்

ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோடையில் விஷக் காய்ச்சல் வந்தபோது எங்கள் தெருவில் முதலில் படுத்தவன் நான். முதலில் எழுந்தவனும் நான்தான். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டிறங்கி, அங்கிருந்து லாரி ஏறி வந்த காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். குருபரப்பள்ளியில் ரோட்டோரமாக எனக்கு ஒரு சைக்கிள் கடை. பெங்களூர் போகிற லாரிக்காரர்களெல்லாம் என் கடைக்குப் பக்கத்தில்தான் டீ குடிக்க நிறுத்துவார்கள். பிறகு எனக்கு வராமல் யாருக்கு வரும்? கம்பளிக்குள் சுருண்டு கிடந்து ஒருவழியாக எழுந்து நின்றபோது இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கம்பவுண்டர் வீடு வீடாகச் சிவப்பு மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, போகும்போது இரண்டு விஷயம் சொன்னார். வயசானவர்கள் கூட்டத்துக்குள் போகக் கூடாது, முக்கியமாகச் சந்தைக்கு. காய்ச்சல் வந்து போனவனுக்கு இப்போதைக்குத் திரும்ப வராது. அதைக் கேட்டதும் தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. கல்யாணம் ஆகாதவன், சைக்கிள் வைத்திருக்கிறவன், இவனுக்கு வேறென்ன வேலை, சந்தைக்கு இவனே போகட்டும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். நான் கோபக்காரன் என்பது ஊரறிந்த சேதி. ஆனாலும் அன்றைக்கு எதிர்த்துப் பேச உடம்பில் தெம்பில்லை.

மற்ற பெரியவர்கள் பையைக் கொடுத்து, “ஏதோ பார்த்து வாங்கியாப்பா” என்று விட்டுவிட்டார்கள். கடைக்கு எதிர்வீட்டுப் பெத்தம்மாதான் மசியவில்லை. தெலுங்குக்காரர்கள் பெரியம்மாவை அப்படிக் கூப்பிடுவார்கள்; எங்கள் தெருவில் தமிழ் பேசுகிறவனுக்கும் கன்னடம் பேசுகிறவனுக்கும் அவள் பெத்தம்மாதான். மகன் கோலார் தங்கவயலில் வேலையாக இருந்தான். வீட்டில் அவளும் அவள் வீட்டுக்காரரும்தான். அவருக்குக் காது மந்தம். அதனால்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடந்தது என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு பேரும் பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெத்தம்மா முன்னால் வீசி நடப்பாள். பெரியவர் பின்னால் ஒரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். அந்தச் சைக்கிளில் யாரும் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அது பை மாட்டிக்கொண்டு வருவதற்கான வண்டி, அவ்வளவுதான்.

பெத்தம்மாவுக்கு இழுப்பு. பனிக்காலத்தில் அவள் மூச்சு விடுகிற சத்தம் என் கடைக்கே கேட்கும். “இந்தக் காய்ச்சல் அந்தம்மா நெஞ்சுல இறங்கினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது” என்று கம்பவுண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டே சொல்லியிருந்தார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

“சரி, போய்ட்டு வா. சாமான் சரியில்லன்னு வை, அடுத்த வெள்ளிக்கிழமை நானே போய்டுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

அந்த வெள்ளிக்கிழமை வெயிலில் நாயாய் அலைந்தேன். சொத்தையில்லாத கத்தரிக்காய், ஓடு உரித்த புளி, கெட்டித் தக்காளி, காரமான மிளகாய், வேப்பனப்பள்ளித் தோப்பு மாங்காய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தேன். பெத்தம்மா புளியைக் கிள்ளி வாயில் போட்டாள். கத்தரிக்காயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

“கொசுறு எங்கடா?”

“என்ன கொசுறு?”

“என்ன கொசுறா? தக்காளிக்காரி மேல ரெண்டு போட்டிருப்பாளே, அது எங்க? மாங்காய்க்கு ஒரு பிஞ்சு போட்டிருப்பானே?”

“நான் கேக்கல.”

“இந்தக் கருவேப்பிலை?”

“அது காசு குடுத்து வாங்கினேன்.”

பெத்தம்மா அந்தக் கொத்தைக் கையில் எடுத்தாள். பிறகு வாசலுக்குப் போய்த் தெருவுக்கே கேட்கிற மாதிரி, “ஏ சீதேவிங்களா! இங்க வந்து பாருங்க! கருவேப்பிலையக் காசு குடுத்து வாங்கியாந்திருக்கான்!” என்று கூவினாள்.

என் மானம் கப்பலேறியது. சந்தையில் யாராவது கருவேப்பிலைக்குக் காசு கொடுப்பார்களா? காய் வாங்கினால் மேலாக ஒரு கொத்து வைப்பார்கள், அது வழக்கம். ஆனால் எனக்கு அந்த வழக்கமே பிடிக்காது. என் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்து, “அப்படியே முன் சக்கரத்துக்கும் காத்தடிச்சு வுடு” என்று பல்லிளிக்கிறவர்களை நான் பேசுகிற பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. காற்றுக்குத் தனிக்காசு என்று சுவரில் கரியால் எழுதியே வைத்திருந்தேன். கடை வைத்திருக்கிற ஆம்பளை சந்தையில் நின்று ஓசிக்குக் கை நீட்டுவதா?

காதே கேட்காத பெரியவர்கூட அன்றைக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெத்தம்மா சிரித்து முடித்து, “அடுத்த வாரம் நானே போய்க்கறேன். நீ கடையப் பாரு” என்றாள்.

அந்த வாரமே மேலத்தெருவில் ஒரு பெரியவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பெத்தம்மா வீட்டுக்குப் போய், “இன்னும் ஒரே ஒரு வாரம் பாரு. கொசுறு இல்லாம வந்தா என் பேரை மாத்திக் கூப்பிடு” என்று சத்தியம் செய்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலில் போய் நின்றது கீரைக்காரம்மாவிடம். எல்லைக்கு அந்தப்பக்கத்து ஊர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவள், பாட்டியை அஜ்ஜி என்பாள். இரண்டு கட்டுக் கீரை வாங்கினேன். கேட்க வேண்டியதுதான் பாக்கி. பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் வெகு சாதாரணமாக, “இன்னும் கொஞ்சம் போடும்மா, மனசு வராதா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, “கொசுறு!” என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

கீரைக்காரம்மா பயந்தே போனாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாருக்கப்பா இது?”

“எங்க பெத்தம்மாவுக்கு. சைக்கிள் தள்ளிக்கினு ஒருத்தர் கூட வருவாரே.”

“அய்யோ, நம்ம அஜ்ஜியா! ரெண்டு வாரமா காணோமே, என்னமோ ஏதோன்னு இருந்தேன். நல்லா இருக்குதா?”

நல்லா இருக்கிறாள் என்று சொன்னதுதான் தாமதம், பை நிறைய ஆரம்பித்தது. கருவேப்பிலை, கொத்தமல்லி, மேலே ஒரு பிடி பச்சை மிளகாய். அவள் பக்கத்துக் கடைக்குச் சொல்ல, அவன் அதற்கு அடுத்தவனுக்குச் சொல்ல, தக்காளிக்காரி அள்ளிப் போட்டாள், மாங்காய்க்காரன் பிஞ்சுக்குப் பதில் முற்றின மாங்காயாகவே போட்டான். அந்தக் கிழவி இத்தனை பேரோடும் வாராவாரம் சண்டை போட்டிருக்கிறாள், இத்தனை பேரும் அவளைத் தேடியிருக்கிறார்கள். சைக்கிளில் வரும்போது வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பெத்தம்மா பையை உதறினாள். கொசுறு கொட்டியது. அவள் முகம் மலரும் என்று பார்த்தால் சுருங்கியது.

“இவ்வளவு கொசுறு எவன்டா குடுப்பான்? காசு குடுத்து வாங்கிக்கினு வந்து என்னை ஏமாத்தறியா?”

“சத்தியமா கேட்டு வாங்கினேன் பெத்தம்மா!”

“கருவேப்பிலைக்கே காசு குடுத்தவன்தானே நீ?”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன்.

மறு வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்தால், எதிரே சந்தைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் பையோடு ரோட்டோரமாக நிற்கிறாள். பெரியவர் பக்கத்தில் செய்வதறியாமல் நிற்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போட்டது போட்டபடி ஓடினேன்.

“சாவறதுக்குன்னே போறியா? சொன்னா கேக்க மாட்டியா?”

“ரெண்டு வாரமா ஒருத்தர்கிட்டயும் வாயாடல. வீட்டுல பேசினா இந்த மனுஷனுக்குக் கேக்காது. சாமான் வந்தா ஆச்சா? இப்படிக் கெடக்கறதுக்கு அங்க போய்ச் சாவறேன், வுடு” என்றாள். சொல்லும்போதே மூச்சு வாங்கியது.

அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆனால் வழியை மட்டும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ரோட்டுக்கு அந்தப்பக்கம், என் கடையோரமாக, தலையில் கூடையோடு கீரைக்காரம்மா சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். “அம்மா, நில்லு! போன வாரம் நான் கொசுறு கேட்டேனா இல்லையா, நீயே சொல்லு!” என்று கத்தினேன்.

“கேட்டானா? கடன் வசூல் பண்ண வந்தவன் மாதிரி அதட்டினான் அஜ்ஜி! நான் கூடையவே குடுத்துட்டு ஓடலாம்னு பார்த்தேன்!”

பெத்தம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அது கெடக்கட்டும். கட்டு என்ன விலை?” என்றாள்.

“நீ இங்கயே நில்லு, கிட்ட போகாத” என்று பெத்தம்மாவிடம் சொல்லிவிட்டு நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். பேரம் தொடங்கியது. அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் இவள், நடுவில் பெங்களூர் ரோடு. விலை படிகிற நேரம் பார்த்து ஒரு லாரி குறுக்கே போகும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். கீரையை அங்கிருந்து இங்கே கொண்டுவர, “வாடிக் கெடக்குது” என்று இங்கிருந்து அங்கே திருப்பிக் கொண்டுபோக, எனக்கு முட்டி தேய்ந்தது. பின்னாலேயே தக்காளி வண்டி வந்தது. மாங்காய் வண்டியும் நின்றது. லாரிக்காரர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பெத்தம்மா அன்றைக்குப் பேசின பேச்சில் மாங்காய்க்காரன் தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டான்.

சந்தைக்கு அவள் போகவே இல்லை. காய்ச்சல் ஓய்கிறவரை வெள்ளிக்கிழமை தவறாமல் என் கடை முன்னால் கூடையும் வண்டியும் நின்றுதான் போயின. என் பிழைப்பு பாதி கெட்டது. இருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமைகளைப் போல் நான் பிறகு சிரித்ததில்லை.

மழை வந்து, காய்ச்சல் அடங்கி, இனி போகலாம் என்று கம்பவுண்டர் சொன்ன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை. பெத்தம்மா சந்தைச் சேலையில் வந்தாள். பெரியவர் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாள் கணக்கில் சும்மா நின்றதில் இரண்டு சக்கரமும் தரையோடு ஒட்டிக் கிடந்தன.

“ஒரு வால்டியூப் குடு” என்றாள். கடையிலேயே மலிவான சாமான் அதுதான், டியூபிலிருந்து காற்று இறங்காமல் தடுக்கிற, விரல் நீளம்கூட வராத ரப்பர்த் துண்டு. போட்டுக் கொடுத்தேன். காசு கொடுத்தாள். போகவில்லை. காற்றுக்குத் தனிக்காசு என்று சுவரில் நான் எழுதி வைத்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படிப்பவள்போல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் பம்பை எடுத்தேன். பின் சக்கரத்துக்கு அடித்தேன். முன் சக்கரத்துக்கும் அடித்தேன். நிமிர்ந்தால் இன்னும் நிற்கிறாள்.

“இன்னும் என்ன?”

“பெல்லு சத்தமே வரல. ஒரு சொட்டு எண்ணெய் வுட்டா என்ன, குறைஞ்சா போய்டுவ?”

விட்டேன். அவளே கை நீட்டி அடித்துப் பார்த்தாள். கணீரென்று கேட்டது. காது கேட்காத மனுஷர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் முன்னால் வீசி நடக்க, அவர் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சந்தைக்குப் போகிற கூட்டத்தில் அவர்கள் கலந்து மறைகிறவரை நான் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் ஈரத்துணி எடுத்துச் சுவரைத் துடைத்தேன்.