பேதி நாளில் வந்த மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போவது கடைசி வேலை. சளி பிடித்தால் கற்பூரவல்லி இலை. வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர். அதற்கும் கேட்காவிட்டால்தான் டவுன் பஸ் ஏறுவோம். இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. வீட்டில் நடந்தது. நாங்களும் அப்படியே வளர்ந்தோம்.

வருசத்துக்கு ஒரு தரம் பேதிக்குக் கொடுப்பதும் உண்டு. மாம்பழக் காலம் தீர்ந்து, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வரும் ஞாயிறு. அன்றைக்குத் தறி ஓடாது. அப்பா, தம்பி, நான், மூன்று பேருக்கும் ஒரே நாளில் விளக்கெண்ணெய். ஆளுக்கொரு நாள் கொடுத்தால் ஆளுக்கொரு சமையல் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான் என்பதை அந்தக் கணக்கில் அம்மா சேர்க்கவில்லை.

அப்பா விடியும்போதே கரண்டியோடு வாங்கி விழுங்கிவிடுவார். நாட்டுச்சர்க்கரை ஒரு வாய் போட்டுக்கொள்வார். முகத்தில் ஒன்றும் தெரியாது. எங்களுக்குத்தான் ஏமாற்று வேலை வேண்டியிருந்தது. அம்மா பால் காபி போடுவாள். மற்ற நாளில் பிள்ளைகளுக்குக் காபி கிடையாது. காபியில் எண்ணெயை ஊற்றி, தூக்கி ஆற்றி, நுரையால் மூடித் தருவாள். தம்பி வருசா வருசம் ஏமாந்தான். எனக்கு எட்டு வயது. நான் ஏமாறுவதை விட்டிருந்தேன்.

அந்த வருசமும் தம்பி குடித்துவிட்டான். என் டம்ளர் அடுப்படிப் பலகையில் இருந்தது. காதுகுத்துக்கு வந்த டம்ளர். என் பேர் வெட்டியிருக்கும்.

"சாமி, மூக்கப் புடிச்சுட்டுக் குடிச்சுரு. நல்ல புள்ளயில்ல."

"சூடு ஆறட்டும்மா."

"ஆறுனா நாறும்டி."

அப்போதுதான் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. கல்யாணத் தரகர். ஏனுங்க, ஊட்டுல ஆருங்க என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

இங்கே அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. இழுத்து நடப்பாள். வெண்ணந்தூர்ப் பக்கம் கைத்தறியில் அவளுக்கு ஈடாக நெய்கிறவர்கள் குறைவு. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் யாரும் தறியைப் பார்க்க வருவதில்லை. வந்தார்கள். காலைப் பார்த்தார்கள். காபி குடித்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் இனிமேல் கூட்டி வர ஆள் இல்லை என்று தரகரே சொல்லியிருந்தார்.

"மாப்ள ஊட்டுக்காரங்க பஸ்ஸ விட்டு எறங்கிட்டாங்க" என்றார் தரகர்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கெழமைன்னுதானுங்க சொன்னீங்க?"

"மாப்ளைக்கு லோடு சீக்கிரம் அமைஞ்சுருச்சு. நாளைக்கு வண்டி வடக்க போவுது. திரும்பி வர ஒரு மாசம் ஆகுமுங்க."

"இன்னைக்கு ஆகாதுங்க."

"ஏனுங்க ஆகாது? நல்ல நாளாச்சே."

அம்மா கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொல்லையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஆரு வந்துருக்கறது?"

"அண்ணன் எங்கீங்க?" என்றார் தரகர்.

"வேலையா இருக்காரு" என்றாள் அம்மா.

பிறகு வீடே ஓடியது. அம்மா அத்தைக்குத் தலை பின்னிவிட உள்ளறைக்குப் போனாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அடுப்படியில் நிறுத்தினாள். எண்ணெய் விசயத்தை அவளிடம் சொல்ல மறந்துவிட்டாள். என்னையும் தம்பியையும் கூடத்து மூலையில் உட்காரச் சொல்லி, வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றாள். காபியிலிருந்து தப்பித்தேன் என்று எனக்குச் சந்தோசம்.

மாப்பிள்ளை வீடு சேந்தமங்கலத்துப் பக்கம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவர் பெரியம்மா, தாய்மாமன் வந்தார்கள். மாப்பிள்ளை லாரி டிரைவர். அதிகம் பேசாத ஆள். வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா வந்து கும்பிட்டார். ரெண்டு வார்த்தை பேசினார். எழுந்து போனார். வந்தார். பருத்தி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாதியில் எழுந்து போனார்.

மாப்பிள்ளையின் அம்மா தரகர் பக்கம் சாய்ந்தார். "அவரு என்ன, எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாரு? நாம வந்தது புடிக்கலையாட்ட இருக்குது."

"அப்படியில்லீங்கம்மா. தறிக்காரரு. ஒரு எடத்துல உக்கார மாட்டாரு."

நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்காருவதுதான் தறிக்காரர் வேலை. அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இழுத்து இழுத்து வந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. எல்லோரும் காலைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். அதில் என் டம்ளர் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு டம்ளர் குறைந்திருக்கிறது. பலகையில் பாதி ஆறிக் கிடந்த காபியைப் பார்த்திருக்கிறாள். சூடாகக் கொஞ்சம் மேலே ஊற்றி, நுரை கட்டி, தட்டில் வைத்துவிட்டாள். அது மாப்பிள்ளையிடம் போயிற்று.

எனக்கு வாய் திறந்தது. கதவோரம் நின்ற அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். டம்ளருக்குள் பார்த்தார். நுரை விலகி எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்திருக்கும். அத்தையும் அதைப் பார்த்துவிட்டாள். தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளை நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்து, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"காப்பி எப்புடிடா?" என்று அவர் பெரியம்மா கேட்டார்.

"நல்லா இருக்குது."

பைத்தியக்கார ஆள் என்று நினைத்தேன். கம்பு எடுத்துக்கொண்டு யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. இருந்தும் குடிக்கிறாரே.

அத்தோடு கிளம்பியிருந்தால் வழியில் எங்காவது போயிருக்கும். ஆனால் பேச்சு நீண்டது. கால் பிறவியிலேயே அப்படியா, மாடிப்படி ஏறுமா, தண்ணிக் குடம் தூக்குமா என்று அந்தப் பெரியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தை தலையைக் குனிந்து பதில் சொன்னாள். எழுந்திருக்கும்போது எமகண்டம் பிறந்துவிட்டது. எமகண்டத்தில் கிளம்பக் கூடாது, முடியட்டும் என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைக்கு நெற்றி வேர்த்தது. காத்தாடப் போறேன் என்று கொல்லைப் பக்கம் நடந்தார். நான் அங்கே தம்பிக்குக் காவல் நின்றிருந்தேன். கக்கூஸ் கதவு திறந்து அப்பா வெளியே வந்தார். எதிரே மாப்பிள்ளை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னுங்க மாப்ள?" என்றார் அப்பா.

"காப்பி வேலை செய்யுதுங்க மச்சான். கொஞ்சம் வழி விடுங்க."

அப்பாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. என்னைப் பார்த்தார். "உன்ற காப்பியாடி?" நான் தலையாட்டினேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வெளியே வந்ததும் எழுந்து அவர் கையைப் பிடித்தார். என்னென்னவோ சொல்லப் போனார். 

"உடுங்க மச்சான். வயிறு சுத்தமாச்சு, அவ்வளவுதான். எங்கம்மா காதுக்கும் பெரியம்மா காதுக்கும் மட்டும் போயிரக் கூடாது. அப்பறம் நாம்பளே வேணும்னாலும் கல்யாணம் நடக்காது."

தம்பி ஊடே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

மச்சான் என்று கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அப்பா அடுப்படிக்கு வந்து ரகசியமாகச் சொன்னபோது, பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தை வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தாள். வெந்தயத்தை வறுத்தாள். நுணுக்கி மோரில் போட்டாள். உப்புப் போட்டுக் கலக்கி என் கையில் கொடுத்தாள். பேதி நிற்க எங்கள் வீட்டில் அதுதான் மருந்து.

"கொல்லையில நிக்கறாரு. குடுத்துட்டு வா. பெரியவங்க கண்ணுல பட்டுராத கண்ணு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இதுல என்ன ஊத்தியிருக்குது சாமி?"

"வெந்தயமுங்க."

"ஆரு குடுத்தா?"

"அத்தை."

அப்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். மோரை நின்று நிதானமாகக் குடித்தார்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்த இடத்தில் காபி குடிப்பார்கள். சோறு சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவானதாக அர்த்தம். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறும் மிளகு ரசமும் தவிர ஒன்றும் இல்லை. பேதி நாளில் அதுதான் சாப்பாடு. கூடத்துக்கு வந்த மாப்பிள்ளை, கிளம்பலாமா என்று அவர் அம்மா எழுந்தபோது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்குதும்மா. ஒரு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டுப் போலாம்."

 "ஏண்டா, கை நனைக்கறயா?" என்றார் அவர் அம்மா. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆமாம்மா."

பெரியம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். மகனைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு மகனுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு எலை போடு அம்மிணி. ஊட்டுக்கு வர்ற புள்ள ரசம் எப்புடி வெக்குதுன்னு பாக்கோணுமில்ல."

அம்மா பாதி ரசத்தைத் தரையில் ஊற்றினாள்.

அவர்தான் என் மாமா. அடுத்த நாள் அவர் வண்டி எடுக்கவில்லை என்றும், வேறு டிரைவர் போனார் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். என் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றது மாமா. தம்பியை லாரியில் ஏற்றி, தொழில் பழக்கி, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தது மாமா. அத்தையை அவர் ஒரு நாளும் வேகமாக நடக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மெதுவாக நடப்பார். அதற்கெல்லாம் நன்றி என்று வாயால் சொல்லிப் பழக்கம் இல்லை. எங்களில் யாருக்கும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு தரம் கேட்டேன். "ஏன் மாமா, தெரிஞ்சுதான குடிச்சீங்க?"

"ஆறிப் போயிருமில்ல" என்றார்.

நான் என் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை தருகிறார்கள். அது போதும் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். எண்ணெய்க் குளியல் மட்டும் விடவில்லை.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு, பொழுது சாயும் நேரத்தில் கொல்லைக்குப் போனேன். அத்தை தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அந்தப் பெரியம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் அழாதவள். முன்னால் வந்துவிட்டுப் போனவர்களுக்கும் அழாதவள். எனக்குப் பயமாகிவிட்டது.

"அழுவாதீங்க அத்தை. இவரு போனாப் போறாரு. வேற மாப்ள வருவாரு."

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதாள். இடையிடையே சிரித்தாள். இப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. கையை விடுவித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அத்தைக்கும் ஆரோ எண்ணெய் குடுத்துட்டாங்க. வயிறு வலிச்சு அழுவறாங்க."

அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோளும் குலுங்கியது.

அம்மாவும் குடித்துவிட்டாள் என்று தெரிந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் அவதிப்பட, தப்பித்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு விளையாடப் போனேன்.