ஷோகேஸுக்கு மேல் ஒரு கண்

"பிரகாஸ், சந்தைக்குப் போட்டு வாறன் ராசா" என்று ஷோகேஸைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் றஜனியம்மா செருப்பைத் தொடுவார். ஷோகேஸுக்கு மேலே உள்ளங்கையளவு வெள்ளைக் கமரா ஒன்று குந்தியிருக்கிறது. கனடாவிலிருக்கும் ஒரே மகன் பிரகாஸ், தகப்பன் செத்த முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வந்தபோது, அம்மா தனியே என்று பயந்து வாங்கி வைத்துவிட்டுப் போனது. அவர் அசைந்தால் அது கிர்ரென்று கழுத்தைத் திருப்பும். கறுப்புக் கண் குசினி வாசல்வரை அவரோடு போகும்.

"உதிலை அவன் என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறான்" என்பார், பெருமை தாங்காமல். சாவகச்சேரியில் அந்த ஒழுங்கையில் இதைக் கேளாத ஆள் இல்லை.

மகன் பார்க்கும்போது கிழிந்த சட்டை ஆகுமா? வீட்டுக்குள்ளேயும் தேய்த்த சேலைதான். பழஞ்சோறு தின்றால் அவன் கவலைப்படுவான் என்று கதவு மறைவில் நின்று தின்பார். அறையை விட்டுப் போகையில் அதற்கு முதுகு காட்டுவதில்லை. பின்பக்கமாக நடந்து கதிரையில் இடித்த தழும்பு கெண்டைக்காலில் உண்டு. "சாப்பிட்டியே ராசா?" என்று பொழுதுபட்டால் கேட்பார். அது கொஞ்சம் திரும்பும். அவருக்கு அது போதும். என்ன மனுசி இது என்று சிரிக்கலாம்தான். அந்த விறைத்த கண்ணுக்கு முன்னால் தனியே ஒருதரம் இருந்து பாருங்கள், சிரிப்பு அடங்கிவிடும்.

இதெல்லாம் போகட்டும். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து திரு இருதயப் படத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு பல்ப் இப்போது எரிவதில்லை. அதன் பிளக்கைக் கழற்றிய இடத்தில்தான் கமராவின் பிளக் ஏறியது. படம் மாட்டிய சுவர் கமராவுக்குத் தெரியாது என்பதால் செபக் கதிரையும் இடம் மாறியது. விரலில் செபமாலை உருளும், பார்வை ஷோகேஸில் இருக்கும். முடிவில் அதைப் பார்த்தே சிலுவை அடையாளம் போடுவார்.

பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி சைவக்காரி, வாய் சும்மா கிடவாது. "என்னக்கா, உதுக்குக் கற்பூரம் காட்டுறது ஒண்டுதான் குறை!"

"விசர்க் கதை கதையாதை" என்று சிரித்தார் றஜனியம்மா. ஆனாலும் முகம் கறுத்துத்தான் போயிற்று.

தவக்காலம் முடிகிற நேரம் கோயிற் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது அவருடைய வேலை. மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் அளவாக வெட்டி, கரை அடித்துத் தைப்பார். இம்முறை தைத்துக்கொண்டிருக்கையில் பிரகாஸ் போன் எடுத்தான். கதையோடு கதையாக, நேற்றுக் கட்டின பச்சைச் சேலை வடிவாக இருந்ததா என்று கேட்டார்.

"என்ன சேலை அம்மா? நான் உதைப் பாக்கிறேல்லை. போன வருசம் போன் மாத்தேக்கை உதைப் பாக்கிற அப்பையும் புதுசிலை போடாமல் விட்டிட்டன்."

"அப்ப ஆர் ராசா என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறது?"

"ஒருத்தருமில்லை. ஆள் அசைஞ்சால் அது தன்பாட்டிலை திரும்பும்."

போனை வைத்தார். ஒரு வருசமாக அழுததெல்லாம், ஆருக்கும் சொல்லாத வருத்தமெல்லாம் சொன்னது ஆரிடம்? மெல்ல இடப்பக்கம் நகர்ந்தார். கிர்ர். வலப்பக்கம் நகர்ந்தார். கிர்ர். பயம் வந்தது. பயத்தைவிட வெட்கம் வந்தது. மகன்மேல் கோபமும், அவனை நினைத்து அழுகையும் ஒன்றாக வந்தன.

மிஞ்சிய ஊதாத் துண்டை எடுத்துப்போய் அதன் தலையில் போட்டார். துணிக்குள்ளே அது திரும்பியது. மெல்லிய துணி அவர் நின்ற பக்கமாக இழுபட்டது.

"போதும்" என்றார். கமராவின் பிளக்கை இழுத்தார். பல்பின் வயரைத் தேடியெடுத்துச் செருகினார். தூசி படிந்த சிவப்பு வெளிச்சம் படத்தில் விழுந்தது. அதன் முன்னால் முழந்தாளிட்டபோது ஷோகேஸ் முதுகுக்குப் பின்னால் போயிற்று. பிடரி கூசியது.

"ஆண்டவரே, பிரகாஸ் சாப்பிட்டானோ தெரியாது. நீர் பாத்துக்கொள்ளும்."

பின்னால் கிர்ரென்று ஒரு சத்தம் கேட்டது போலிருந்தது. றஜனியம்மா செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், திரும்பிப் பார்க்கவில்லை.