பாடு நாளின் மாத்திரைகள்

எங்கள் வீட்டுச் சுவரில் அப்போது ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் வருஷா வருஷம் கொடுப்பது. மற்ற வீடுகளில் அதில் அமாவாசை பார்ப்பார்கள், கிருத்திகை பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் தாளுக்குத் தாள் சிவப்புப் பென்சிலால் நான் எழுதிய எண்கள் இருந்தன. சில தாள்களில் நாலு, சிலவற்றில் ஐந்து, பெரும்பாலானவற்றில் ஒரு பெரிய பூஜ்யம். ஏரிக்கரையில் இருந்த எங்கள் மீனவக் குப்பத்தில் பத்தாவது வரை படித்த முதல் பெண் நான். அந்தத் திமிர் எழுத்திலேயே தெரியும். இப்போது அதை நினைத்தால், எழுதிய கையை முறித்துப் போட்டால் என்ன என்று எனக்கு ஆத்திரம் வருகிறது. என்ன செய்ய, அந்தக் கை இப்போது தானாகவே முடங்கிக்கொண்டு வருகிறது.

என் அண்ணனுக்கு நோய் வந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. எழுபதுகளின் நடுவில் இருக்கும். நைனா போய்ச் சேர்ந்து, வீட்டின் படகும் வலையும் அண்ணன் கைக்கு வந்த சமயம். முதலில் விரல்கள்தான். காலையில் எழுந்தால் கை மூடாது. படகு தள்ளுகிற கழியைப் பிடிப்பதற்கு முன்னால் வெந்நீரில் அரைமணி நேரம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு மணிக்கட்டு வீங்கியது, முழங்கால் வீங்கியது. ஒருநாள் லுங்கியை இறுக்க முடியாமல் அண்ணியைக் கூப்பிட்டுவிட்டு, அவள் கட்டி முடிக்கும்வரை யாராவது பார்க்கிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீரிலேயே நிற்கிறவனுக்கு வாதம் வராமல் என்ன செய்யும் என்றது ஊர். எண்ணெய் தேய்த்தோம், பற்றுப் போட்டோம், மந்திரித்த கயிறு கட்டினோம். வீக்கம் எதற்கும் மசியவில்லை.

கடைசியில் படகில் பழவேற்காடு, பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில் என்று மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு, எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் என்பதால், என்னைப் பார்த்துத்தான் பேசினார். "உடம்பைக் காவல் காக்க உள்ளே ஒரு படை இருக்கு. அதுவே இவரோட மூட்டைத் தாக்குது. வீட்டு நாயே வீட்டுக்காரரைக் கடிக்கிற மாதிரி. அடிச்சுத் துரத்த முடியாது. கொஞ்சம் கொஞ்சமா அடக்கி வெச்சுத்தான் வாழணும்." சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. காலையில் சாப்பிட்ட பிறகு, தினமும் ஒன்றே ஒன்று. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, ஒரு நாள்கூட நிறுத்தவும் கூடாது. கருவாட்டையும் உப்பையும் குறைக்க வேண்டும். கேழ்வரகு, முருங்கைக் கீரை, முட்டை, முள்ளோடு மென்று தின்னக்கூடிய சின்ன மீன் இவையெல்லாம் சேர வேண்டும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அண்ணி சிரித்துவிட்டாள். "விக்கிற மீனை நாமளே துன்ட்டா, கூடைல இன்னாத்த எத்துக்கினு போறது?" என்றாள். ஏரிக்கரைக்காரர்கள் நல்ல மீனாகத் தின்று கொழுத்திருப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நாங்கள் தின்றது சோறும் கருவாட்டுக் குழம்பும்தான். நல்லது எல்லாம் கூடையில் ஏறிப் போய்விடும். ஆனாலும் அண்ணி ரோஷக்காரி. மறுநாளிலிருந்து ஒரு கை காரப்பொடி என்கிற சின்ன மீனை எடுத்துத் தனியாக வைத்துவிட்டாள். உப்பில்லாத குழம்பை அண்ணன் மருந்துபோல விழுங்கி, ஏரியின் உப்புத் தண்ணியையாவது கொஞ்சம் ஊத்தும்மே என்று கெஞ்சுவார். நான் தினமும் காலையில் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அப்படி ஒரு வருஷம் ஒழுங்காகப் போனது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் கழி பிடிக்கிற அளவுக்குக் கை மூடியது. அந்த ஒரு வருஷத்தோடு எங்கள் புத்தி நின்றிருக்கலாம்.

இங்கே எங்கள் ஊரின் பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதனால் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்களின் பெயர்தான் அதில் ஏறும். பாடு வந்த நாளில் பெயருக்கு உரியவர் தானே போய் வலையருகே நிற்க வேண்டும். நோய் என்றால் ஊர் பொறுத்துக்கொள்ளும். பங்காளி ஒருவன் போய் நிற்கலாம், பெயர் அப்படியே இருக்கும். ஆனால் குடித்துவிட்டோ கொழுப்பெடுத்தோ ஒருவன் தவறவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த பெயர் திரும்பச் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. பாடு முறையில் பெயர் இல்லாத ஆண் எங்கள் குப்பத்தில் இருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். மனிதர்களில் சேர்த்தி கிடையாது.

அண்ணன் ஒருமுறை தனக்குப் பதிலாகப் பங்காளியை அனுப்பிவிட்டு வீட்டில் படுத்திருந்தார். அன்று அவர் பட்ட பாடு வலியைவிடப் பெரியது. தானே போன நாட்களிலும் கேலிதான். தினம் ஒரு மாத்திரையில் அவரால் நிற்க முடிந்தது, மற்றவர்கள்போல இழுக்க முடியவில்லை. மாப்பிள்ளை, வலை உன்னைத் தூக்குதா நீ வலையைத் தூக்குறியா என்று சிரிப்பார்கள். ஒரு காலையில், நான் மாத்திரையை நீட்டியபோது அண்ணன் வாங்கவில்லை.

"பாப்பா, எறா இன்னா தெனமுமா வருது? தண்ணி ஓடற நாள்லதான வருது. அன்னிக்குத்தான வலை கட்றோம். சும்மா கெடக்கிற நாள்லயும் வலைய தண்ணில போட்டு வெச்சா அழுவிப் பூடாது? மாத்திரையும் அப்டித்தான். பாடு நாளுக்கு நாலா குடு. மத்த நாளுக்கு வாணாம்."

"தெனமும்னு டாக்டரம்மா சொன்னாங்களேண்ணா?"

"அது மெட்ராஸ்ல தெனமும் ஆபீஸ் போறவங்களுக்கு."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம், எனக்கு அது நியாயமாகவும் பட்டது. எங்கள் ஊரில் காற்றும் தண்ணீரும் முறை வைத்துத்தான் வருகின்றன. இறாலும் முறை வைத்துத்தான் வருகிறது. மருந்து மட்டும் ஏன் தினமும் என்று என் பத்தாம் வகுப்பு மூளை கேட்டது. அன்றே சிவப்புப் பென்சிலை எடுத்துக் காலண்டரில் பாடு நாட்களைக் குறித்து, எந்த நாளுக்கு எத்தனை என்று பிரித்துவிட்டேன். ஐந்து என்று எழுதியது அண்ணன் கேட்டு அல்ல. தண்ணீர் வேகமாக ஓடும் நாளுக்கு ஒன்று கூட இருக்கட்டும் என்று நானே சேர்த்தது. அண்ணிக்கு எழுத்து தெரியாது. தண்ணீர் ஏறுகிற நேரத்தைத்தான் எழுதி வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் அண்ணன் சிங்கம். பாடு நாளில் அவர் வலை இழுப்பதைப் பார்க்க நான் வேலையை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவேன். கேலி பேசியவர்கள் அந்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்தார்கள். பாடு இல்லாத நாட்களில் அவர் சுருண்டு கிடந்ததை யாருக்கும் சொல்லவில்லை. முகம் உப்பிக்கொண்டு வந்தது, சாப்பாடுதான் உடம்பில் ஒட்டுகிறது என்று அண்ணி மகிழ்ந்துபோனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனை நான் நடத்துகிறேன் என்ற பெருமை.

அந்தக் கோடையில் கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஓடவில்லை, இறால் இல்லை, பாடும் இல்லை. நான் தாளுக்குத் தாள் பூஜ்யம் போட்டேன். தொடர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் அண்ணனுக்கு ஒரு மாத்திரைகூட இல்லை. சோறு வேண்டாம் என்றார், பிறகு வாந்தி எடுத்தார், எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். வெயில் என்று மோர் கொடுத்தோம். ஒரு காலை நேரத்தில், கரையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். உடம்பு சில்லென்று இருந்தது. பங்காளிகள் இரண்டு பேர் தூக்கிப் படகில் போட்டார்கள்.

மெட்ராஸில் இரண்டு நாள் கழித்துத்தான் கண் திறந்தார். அதே டாக்டரம்மா கட்டிலருகே வந்து கத்தினார். "உடம்பு தானா சுரக்கிற ஒண்ணை இந்த மாத்திரை உக்கார வெச்சுடும். திடீர்னு நிறுத்தினா உயிரே போயிடும்னு தெரியுமா? யார் நிறுத்தச் சொன்னது?" பங்காளிகள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "யாரும் சொல்லல. பாப்பா தெனமும் கைல குடுக்கும். நான்தான் துப்பிட்டேன்."

அவர்கள் டீ குடிக்கப் போனதும், அண்ணா, நான் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். "வாயத் தெறக்காத. மீஞ்சூர் மாப்ள வூட்டுக்காரங்க வர்ற வாரம் உனுக்குப் பூ வெக்க வர்றாங்க. கூடப் பொறந்தவனையே கொல்லப் பாத்தவள்னு எவனாவது போய்ப் பத்த வெப்பான்" என்றார். பாடு முறையில் உன் பேரு என்னாவும் என்று கேட்டேன். "பேரு எங்க போவுது? சீக்குன்னா ஊரு வுட்டுக் குடுக்கும்" என்றார். ஊரைப் பற்றி அவர் போட்ட ஒரே தப்புக் கணக்கு அது.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே முகத்துவாரம் திறந்து, வலையருகே நிற்க ஆளில்லாமல் அண்ணனின் பாடு வந்து போயிருந்தது. ஊர் திரும்பிச் சில நாள் கழித்துக் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பெண்கள் அங்கே பேசுவதில்லை, ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்கலாம். ஊர்ப் பெரியவரான நாட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சீக்குன்னா ஊரு பாக்கும். குடுத்த மாத்திரைய துப்பிட்டுப் படுத்துக்கினா அது சீக்கு இல்ல, கொழுப்பு. நீ இன்னா சொல்ற?" அண்ணன் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். தட்டிக்குப் பின்னால் அண்ணி என் கையைப் பிடித்தாள். "அது துப்பற ஆளே இல்லடி. உனுக்கு எதுனா தெரியுமா?" தட்டியைத் தாண்டி நாலு அடி வைத்து, படித்தவள் நான் தப்பாகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். சீக்காளி, தங்கச்சியின் அறியாமை என்று ஊர் விட்டிருக்கும். எனக்குப் பூ வைத்து நாலு நாள் ஆகியிருந்தது. தெரியாது அண்ணி என்றேன். பெயரை எடுத்துவிட்டார்கள்.

எண்பதுகள் முழுக்க அண்ணன் இறால் கொட்டகையில் உட்கார்ந்து, பெண்களோடு பெண்களாக இறாலைப் பெரிது சிறிது என்று பிரித்தார். எங்கள் ஊரில் ஆண் செய்யாத வேலை. காலையில் கேழ்வரகுக் கூழ், அண்ணி கையால் ஒரு மாத்திரை, மதியம் கீரையும் முள் மீனும். ஒரு நாள் கூட்டவில்லை, ஒரு நாள் குறைக்கவில்லை. டாக்டரம்மா பிறகு பாதி மாத்திரையாக்கிவிட்டார். விரல் கோணியது, ஆனால் பிடி விடவில்லை. மீஞ்சூரிலிருந்து போகும்போதெல்லாம் நான் கொட்டகை வாசலில் நின்று அந்தக் கைகளைப் பார்ப்பேன். ஒருமுறை, இப்போதாவது ஊரில் சொல்லிவிடட்டுமா என்றேன். "இன்னாத்துக்கு? உன் மாமியா காதுல வுழவா? போ, போயி கூழு குடி." எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மன்னித்ததில் எனக்கு ஒரு நாளும் நிம்மதி இல்லை. அவர் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அண்ணன் போய்ப் பல வருஷம் ஆகிறது. அண்ணியும் இல்லை. போன வருஷம் என் விரல்கள் காலையில் மூட மறுத்தன. பேரப்பிள்ளைகள் வயதில் இருந்த ஒரு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, அதே வீட்டு நாயின் கதையை வேறு வார்த்தையில் சொன்னார். குறைந்த அளவு மருந்து, ஒழுங்கான சாப்பாடு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். எங்கள் அண்ணனுக்கு என்றேன்.

"அவர் மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?"

இத்தனை வருஷமாக என் வாயில் தயாராக இருக்கிற பதில் நுனிநாக்குக்கு வந்தது. துப்பிட்டார் என்று. அதைத் தள்ளிவிட்டுச் சொன்னேன். "நடுவுல நாலஞ்சு மாசம் ஒழுங்கா சாப்பிடல. அவர் மேல தப்பு இல்ல டாக்டர். நான்தான் பிரிச்சுக் குடுத்தேன். நான்தான் நிறுத்தினேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே சரிம்மா என்றார். நீங்க ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சொல்லி முடிக்க இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அதற்கு ஒரு மூச்சுகூட முழுதாகச் செலவாகவில்லை.